நிழலில் ஒரு பாத்தி

வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் நிழல் விழும் பகுதியை நம்மவர்கள் ஒரே வாக்கியத்தில் தள்ளிவிடுவார்கள்: "அங்கே ஒன்றும் வராது." இந்தத் தீர்ப்புக்குப் பிறகு நடப்பவை இரண்டு. நிழலைத் தருவது மரமானால் மரம் வெட்டப்படும். சுவரானால் நிலத்தின்மீது சிமென்டு பூசப்படும். பூச்செடி வைக்க வேண்டும் என்ற நல்ல ஆசையே ஒரு வேப்பமரத்துக்கு எமனாக முடிவதை இண்டூரில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நாம் பார்த்திருக்கிறோம். அந்தத் தீர்ப்பை மறுப்பதற்காகவே இக்கட்டுரை. முதன்முதலாகப் பூச்செடி வைக்க விரும்புகிறவர்கள் நிழலிலிருந்தே தொடங்கலாம். நம்முடையதைப் போன்ற வறண்ட ஊர்களில் அதுவே எளிய தொடக்கம் என்பது நம் கருத்து. இலக்கியம் படிப்பவர்களுக்கு இதில் தனியாக ஒரு பங்கும் உண்டு. அதைப் பின்னர்ச் சொல்கிறோம்.

இண்டூர், தருமபுரியிலிருந்து பென்னாகரம் செல்லும் வழியில் உள்ள ஊர். செம்மண்ணும் சரளையும் கலந்த பூமி. கேழ்வரகும் சாமையும் நிலக்கடலையும் மழையை நம்பி விளைகிற பக்கம். மாவட்டத்தின் சராசரி ஆண்டு மழையளவு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதிலும் நல்ல மழை புரட்டாசி, ஐப்பசியில்தான். மாசி பிறந்தால் காற்று காயத் தொடங்கிவிடும். இத்தகைய ஊரில் திறந்த வெயிலில் பூம்பாத்தி போடுகிறவர், கோடை முழுவதும் நாள்தோறும் தண்ணீர் சுமக்க ஆயத்தமாக இருக்க வேண்டும். ஒருநாள் ஊருக்குப் போய் வந்தால் நாற்று கருகியிருக்கும். நிழலிலோ மண்ணின் ஈரம் மெல்லத்தான் குறையும். புதிதாகத் தொடங்குபவருக்குத் தன் கைப்பிழைகளைத் திருத்திக்கொள்ளச் சில நாள் அவகாசம் கிடைக்கும். அந்த அவகாசமே நிழலின் முதற்கொடை.

நிழலைத் தமிழ்ப் புலவர்கள் பழித்ததில்லை என்பதை நாம் நினைத்துப் பார்க்க வேண்டும். ஆள்பவனின் காப்பைக் குடைநிழல் என்றார்கள். பாலையின் கொடுமையைச் சொல்ல வந்தபோது, நிழலற்றுப்போன மரங்களைக் காட்டினார்கள். நாட்டின் அரணுக்கு உறுப்புகள் எவையெனக் கணக்கிட்ட திருவள்ளுவர், நீரோடும் மலையோடும் நிழலுடைய காட்டையும் சேர்த்தே எண்ணினார். பகை மன்னனின் காவல்மரத்தை வெட்டி வீழ்த்துவது பண்டைப் போர்முறையில் ஒரு வெற்றிச் செயல். மரம் வீழ்ந்தால் அவன் மானமும் வீழ்ந்தது என்று பொருள். நம் வாசலில் நிற்கும் மரத்தை நாமே கூலி கொடுத்து வீழ்த்துவதற்கு அப்புலவர்கள் என்ன பெயர் வைத்திருப்பார்களோ, தெரியவில்லை. பாட்டில் நிழல் அருளாக இருக்கிறது. வீட்டு மனையில் மட்டும் அது வீண் இடமாகிவிட்டது. இந்த முரண் எப்படி வந்தது?

நம் பூக்களின் பட்டியலைப் பார்த்தால் விடை கிடைக்கும். பூ என்றதும் நமக்கு நினைவுக்கு வருபவை குண்டுமல்லி, சாமந்தி, சம்பங்கி, ரோஜா, செண்டுமல்லி. தலையில் சூடவும் சாமிக்குச் சாத்தவும் மாலை கட்டவும் வேண்டியவை இவை. எல்லாமே வெயிலை விரும்புபவை. ரோஜாவுக்கு நாளொன்றுக்கு ஆறு மணிநேர வெயிலாவது வேண்டும். தருமபுரி மாவட்டமோ பூச்சாகுபடிக்குப் பெயர் பெற்றது. விடியற்காலைப் பேருந்துகளில் பூமூட்டை ஏறுவது இங்கே அன்றாடக் காட்சி. ஆகவே பூ என்பது வயலில் விளைந்து, கிலோக் கணக்கில் நிறுக்கப்பட்டு, சந்தைக்குப் போகும் பண்டம் என்ற எண்ணம் நமக்குள் ஆழப் பதிந்துவிட்டது. வீட்டருகில் பூச்செடி வைக்கும்போதும் அந்த வயலின் சிறு நகலையே மனம் வரைகிறது. நிழல் அதற்குப் பொருந்துவதில்லை. குறை நிழலுடையதா, நம் மனத்திலுள்ள வரைபடத்துடையதா என்று யாரும் கேட்பதில்லை.

சரி, நிழல் என்றால் என்ன? இது வேடிக்கைக் கேள்வி அன்று. தோட்டக்கலை பற்றி இன்று நமக்குக் கிடைக்கும் அறிவுரைகளிற் பல இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ எழுதப்பட்டு வழிவழியாக வந்து சேர்ந்தவை. 'வீட்டின் வடபுறம் ஆண்டு முழுவதும் நிழல்' என்பது அவற்றுள் ஒன்று. அந்த நாடுகளுக்கு அது உண்மை. இண்டூர் வடக்கு அகலாங்கு 12 பாகையை ஒட்டி இருக்கிறது. இங்கே சூரியன் ஆண்டுக்கு இருமுறை நேர் உச்சிக்கு வருகிறது: ஏப்ரல் 23-ஐ ஒட்டி ஒருமுறை, ஆகஸ்ட் 20-ஐ ஒட்டி மறுமுறை. இடைப்பட்ட ஏறக்குறைய நான்கு மாதங்களும் நண்பகற் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது! பத்தடி உயரமுள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்வோம். டிசம்பர் இறுதி நண்பகலில் அது வடக்கே ஏழடி நிழல் வீழ்த்தும். சித்திரை நடுவில் நண்பகல் நிழலே இராது. ஜூன் மாதத்தில் நிழல் மறுபக்கம் திரும்பித் தெற்கே இரண்டடி விழும். மார்கழியில் 'நல்ல நிழல்' என்று நம்பி வடசுவரோரம் நட்ட மென்மையான செடி, வைகாசியில் வெந்துபோவதன் காரணம் இதுதான். செடி வைத்தவர் கைராசியைக் குறை சொல்வதில் பயனில்லை.

இந்த அறிவு நமக்குப் புதியதும் அன்று. நெடுநல்வாடையில் அரண்மனைக்கு மனை வகுக்கும் பகுதியைப் படித்தவர்களுக்கு, இரண்டு கோல்களை நட்டு அவற்றின் நிழலைக்கொண்டு திசை குறிக்கும் செய்தி நினைவிருக்கும். உரை வகுத்த நச்சினார்க்கினியர் அதற்குரிய காலமாகச் சித்திரைத் திங்களைச் சுட்டுவார். கட்டடம் எழுப்புமுன் நிழலை அளந்த மரபு நம்முடையது. செடி நடுமுன் அளப்பதற்கு நமக்கென்ன தடை?

அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டியதில்லை. கையில் ஒரு சிறங்கை கோலமாவு போதும். விடுமுறை நாளொன்றில் காலை எட்டு மணி தொடங்கி மாலை ஐந்து வரை, மணிக்கு ஒருமுறை நிழலின் விளிம்பில் மாவால் ஒரு கோடு போட்டு வர வேண்டும். மாலையில் நின்று பார்த்தால் தரை ஒரு வரைபடமாகியிருக்கும். காலை வெயில் மட்டும் படும் இடம், உச்சிவெயில் படும் இடம், இலைகளினூடே காசு காசாக ஒளி சிதறும் இடம், நாள் முழுவதும் இருண்ட இடம் என நான்கும் தனித்தனியே தெரியும். இதை ஆடியில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் செய்தவர், தம் மனையைத் தம் பட்டாவைவிட நன்றாக அறிந்தவராவார். முதலிரண்டு இடங்களின் வேறுபாடு முக்கியமானது. காலை வெயிலும் பிற்பகல் நிழலும் கிடைக்கும் இடம் பூம்பாத்திக்கு மிக உகந்தது. காலையில் நிழலும் பிற்பகலில் மேற்கு வெயிலும் பெறும் இடத்தில் அதே மணிக்கணக்கில் வெயில் விழுந்தாலும், பங்குனி, சித்திரையில் இலை பொசுங்கும். நாள் முழுவதும் இருண்ட இடத்தில் பூவை எதிர்பார்க்கக் கூடாது. அங்கே ஒரு கல்பெஞ்சு போட்டு உட்கார்ந்து படிக்கலாம்.

மரநிழலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. சுவர் ஆண்டு முழுவதும் ஒரேபோல் நிற்கும், மரம் அப்படியன்று. நம் பக்கத்து வீடுகளில் மிகுதியாக நிற்கும் வேம்பும் புங்கும் மாசி, பங்குனியில் இலை உதிர்த்துத் தளிர் விடுகின்றன. வெயில் ஏறத் தொடங்கும் நேரத்தில் சில வாரங்கள் நிழல் மெலிந்திருக்கும். அந்த வாரங்களில் பாத்திக்கு ஒரு பழைய வேட்டியையோ தென்னங்கீற்றையோ பந்தலாகக் கட்டிவிட்டால் போதும். புதுத்தளிர் முதிர்ந்ததும் மரமே பொறுப்பை ஏற்றுக்கொள்ளும். உதிர்ந்த இலையைக் கூட்டிக் குவித்துக் கொளுத்துவது நம் ஊர்களில் இன்னும் ஓயாத பழக்கம். அந்தச் சருகுதான் பாத்திக்குப் போர்வை. இரண்டு விரற்கடை கனத்துக்குப் பரப்பினால் ஈரம் காக்கும், மட்கினால் எருவாகும். செலவில்லாத உரத்துக்குத் தீ வைத்துவிட்டு, கடைக்குப் போய் உரமூட்டை வாங்கி வருவதை எந்தப் பொருளியல் பேராசிரியரும் நியாயப்படுத்த முடியாது.

பாத்தி எவ்வளவு பெரியதாக இருக்கலாம்? ஆறடி நீளமும் மூன்றடி அகலமும் போதும் என்போம். மூன்றடி அகலமென்றால் எந்தப் பக்கம் குந்தினாலும் நடுவரை கை எட்டும். பாத்திக்குள் கால் வைத்து மண்ணை மிதித்து இறுக்க வேண்டியிராது. பதினெட்டுச் சதுர அடி என்பது ஒருவர் வாரத்துக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கிப் பேணக்கூடிய அளவு. ஆர்வ மிகுதியில் மனை முழுவதையும் கொத்திப் போட்டு, அடுத்த மாதம் களையிடம் தோற்றுப்போகிறவர்களே அதிகம். இவர்களுக்குத் தோட்டத்தின் மீதே வெறுப்பு வந்துவிடுகிறது.

மரத்தடியில் பாத்தி அமைக்கும்போது நினைவில் வைக்க வேண்டியது, அந்த நிலம் ஏற்கெனவே ஒருவருக்குச் சொந்தம் என்பது. உணவு உறிஞ்சும் வேர்களிற் பெரும்பகுதி மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். ஆகவே அடிமரத்திலிருந்து குறைந்தது மூன்று நான்கடி தள்ளியே பாத்தி தொடங்க வேண்டும். கடப்பாரைக்கு இங்கே வேலையில்லை; களைக்கொத்தால் நான்கைந்து அங்குலம் கிளறினால் போதும். கட்டைவிரலினும் தடித்த வேர் குறுக்கிட்டால் வேரை விட்டுவிட்டு நாம்தான் நகர வேண்டும். நன்கு மட்கிய தொழுவுரத்தையும் செம்மண்ணையும் சமமாகக் கலந்து இரண்டங்குலம் மேலே பரப்பலாம். அதற்கு மேல் கனமாக மண்ணைக் கொட்டினால் மரத்தின் வேருக்குக் காற்றுக் கிடைக்காது. அடிமரத்தைச் சுற்றி மண்ணைக் குவித்தால் பட்டை அழுகும். பாத்திக்காக மரத்தைக் கொல்வதானால், வெட்டுகிறவருக்கும் நமக்கும் வேறுபாடு காலத்தால் மட்டுமே.

இனி, என்ன நடுவது? முதல் இடம் கனகாம்பரத்துக்கே. தென்னிந்தியாவையும் இலங்கையையும் தாயகமாகக் கொண்ட செடி இது. அரைநிழலில் தயங்காமல் பூக்கும்; ஏறத்தாழ ஆண்டு முழுவதும் பூக்கும். மணமில்லை என்ற குறையை நம் பெண்கள் எப்போதோ தீர்த்துவிட்டார்கள்: மல்லிகையிடம் மணத்தையும் கனகாம்பரத்திடம் நிறத்தையும் பெற்று ஒரே சரமாகத் தொடுத்தார்கள். நாட்டு வகையின் முற்றிய காய்கள் மழைத்துளி பட்டதும் படீரென வெடித்து விதையைச் சிதறடிக்கும். ஓராண்டில் பாத்தியின் விளிம்பில் நாற்றுகள் தாமாக முளைத்திருக்கும். 'டெல்லி கனகாம்பரம்' என்று விற்கும் வகை விதை வைப்பதில்லை. அதைத் தண்டு வெட்டி நட்டுத்தான் பெருக்க வேண்டும். நூற்புழுவும் வாடல் நோயும் கனகாம்பரத்துக்குப் பகை. நடும்போது குழிக்கு ஒரு பிடி வேப்பம்பிண்ணாக்கு இடுவது நல்லது. ஒரு செடி வாடிச் செத்த குழியில் மறுபடி கனகாம்பரத்தையே வைக்க வேண்டாம்.

அடுத்தது டிசம்பர் பூ. ஊதா, வெள்ளை, இளஞ்சிவப்பு நிறங்களில் கார்த்திகையிலிருந்து தை வரை பூப்பது. வெட்டிய கிளையை ஆடியில் ஊன்றினாலே வேர் பிடிக்கும். பூத்து முடிந்ததும் முழங்கால் உயரத்துக்குக் கழித்துவிட்டால் அடுத்த பருவத்துக்குப் புதராகத் திரளும். மூன்றாவது, ஆடாதோடை. ஆடு தொடாதது, ஆகவே வேலியில்லாத வீட்டுக்கும் ஏற்றது. வெள்ளைப் பூவும் இருமலுக்கு இலையும் தரும். பாத்தியின் பின்வரிசைக்கு ஒரே செடி போதும்.

இம்மூன்றையும் ஓரிடத்தில் சொல்வதற்குக் காரணம் உண்டு. மூன்றும் அகாந்தேசி என்னும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மலைச்சரிவை நீலமாக்கும் குறிஞ்சியும் அதே குடும்பத்ததுதான். 2006-இலும் 2018-இலும் குறிஞ்சி பூத்தபோது ஆயிரக்கணக்கானோர் மூணாறுக்கு ஏறினார்கள். அடுத்த பூப்பு 2030-இல். குறிஞ்சி இண்டூருக்கு வராது. அதற்கு மலையின் உயரமும் குளிரும் வேண்டும். ஆனால் அதன் உறவினர் மூவர் நம் வேம்படியில் குடியிருக்கச் சம்மதிக்கிறார்கள். ஒரு திணைக்கே பெயர் தந்த பூவின் குடும்பச் சாயலைக் கனகாம்பரத்தின் கதிரில் பார்க்கக் கற்பது, பயணச் செலவில்லாத இலக்கியக் கல்வி.

காலை வெயில் விழும் விளிம்பில் ஒரு வெட்சி வைக்கலாம். நம் ஊர்ப் பிள்ளைகள் இதை இட்லிப்பூ என்பார்கள். ஆநிரை கவரச் சென்றவர்கள் சூடிய பூ. ஆநிரைப் பூசலில் பட்ட வீரர்களுக்கு எடுத்த பல்லவர் கால நடுகற்கள் இம்மாவட்டத்தில் ஏராளம். தருமபுரி அகழ்வைப்பகத்தில் அவற்றைக் காணலாம். அக்கல்லையும் இப்பூவையும் ஒரே வாரத்தில் பார்த்தவருக்கு வெட்சித்திணை வெறும் தேர்வு வினாவாக இராது. வெட்சிக்குச் சற்றே புளிப்புத் தன்மையுள்ள மண் வேண்டும். நம் ஆழ்துளைக் கிணற்று உப்புநீரையே தொடர்ந்து ஊற்றினால் நரம்பு பச்சையாகவும் இலை மஞ்சளாகவும் மாறும். இலைமட்கை மிகுதியாக இட்டு, பிடித்து வைத்த மழைநீரை ஊற்றினால் தேறும்.

வரிசையின் இடைவெளிகளில் காசித்தும்பை விதையைத் தூவலாம். இரண்டு மாதத்தில் பூக்கும். முற்றிய காயைத் தொட்டால் தெறிக்கும். வீட்டில் குழந்தைகள் இருந்தால் பாத்தியின் மீது அவர்களுக்கு உரிமை பிறப்பது இந்த விளையாட்டிலிருந்துதான். செங்காந்தளை நடும் ஆசை தமிழ் படித்த எவருக்கும் எழும். அது நம் மாநிலப் பூ. கலப்பை வடிவக் கிழங்கை ஆடியில் புதைத்தால் மழையோடு எழுந்து, வேரில் நிழலும் தலையில் ஒளியுமாகக் கொழுகொம்பைப் பற்றி ஏறும். ஆனால் கிழங்கு முதல் விதை வரை கொடிய நஞ்சு. சிறு குழந்தைகளும் கன்றுகாலிகளும் உள்ள வீட்டில் அந்த ஆசையை ஒத்திவைப்பதே அறிவுடைமை.

கணக்காகச் சொன்னால் பதினெட்டுச் சதுர அடிக்கு ஆறு கனகாம்பரம், இரண்டு டிசம்பர் பூ, ஓர் ஆடாதோடை, ஒரு வெட்சி, ஒரு பிடி காசித்தும்பை விதை. பெரும்பாலானவை அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டாலே கிடைப்பவை. கேட்டு வாங்கும் செடிக்கு ஒரு சிறப்பு உண்டு: அது இந்த மண்ணிலும் இந்தத் தண்ணீரிலும் பிழைத்துக் காட்டிய செடி. கொடுப்பவர் அதன் குணத்தையும் சேர்த்தே சொல்லிக் கொடுப்பார்.

நாற்றுப்பண்ணைகளில் 'நிழற்செடி' என்று விற்பவை வேறு. ஓசூர், பெங்களூரு, ஆந்திரத்தின் கடியம் போன்ற இடங்களில் நிழல்வலைக்கடியில் ஈரக்காற்றில் வளர்க்கப்பட்டு லாரியில் வந்திறங்கும் செடிகள் இவை. இண்டூரின் வறண்ட காற்று அவற்றுக்கு அயல்நாடு. டிரசீனா, சிலந்திச் செடி முதலியவற்றுக்கு நம் மாவட்டத்தில் இன்னொரு இடரும் உண்டு. தருமபுரி நிலத்தடி நீரில் புளூரைடு மிகுதி என்பது நாடறிந்த செய்தி. பல்லையும் எலும்பையும் தாக்கும் அந்நீருக்கு மாற்றாகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் செயற்பாட்டுக்கு வந்தது. இச்செடிகள் புளூரைடைத் தாங்காதவை. இலைநுனி பழுத்துக் காய்ந்துகொண்டே வரும். வாங்கியவர் நீர் போதவில்லையென்று எண்ணி அதே நீரை மேலும் ஊற்றுவார்! மனிதரின் பல்லில் கறையேற்றும் தண்ணீர் செடியின் இலையிலும் எழுதுகிறது. குடிக்க வந்த காவிரி நீரைப் பூச்செடிக்கு ஊற்றச் சொல்லும் துணிவு நமக்கில்லை. அரிசி களைந்த நீரும், கூரையிலிருந்து தொட்டியில் பிடித்த மழைநீரும் இச்சிறு பாத்திக்கு ஏறக்குறையப் போதும்.

எதிர்வாதங்கள் உண்டு, அவற்றைத் தட்டிக்கழிக்க முடியாது. முதலாவது, "செடிகொடி மண்டினா பூச்சி பொட்டு வரும் சார்" என்பது. பூச்சி என்று ஊரில் சொல்வது பாம்பை. இது மூட நம்பிக்கை அன்று. சருகும் இருளும் எலியும் உள்ள இடத்துக்குப் பாம்பு வரும். விடை, பாத்தியைக் கைவிடுவதில் இல்லை. அமைக்கும் முறையில் இருக்கிறது. வீட்டுச் சுவருக்கும் பாத்திக்கும் நடுவே இரண்டடி வெற்றுத்தரை வேண்டும். செடிகளின் அடிக்கிளைகளைக் கழித்துத் தரை தெரியும்படி வைக்க வேண்டும். ஓட்டையும் செங்கலையும் விறகையும் அருகில் அடுக்கக் கூடாது. இருட்டிய பிறகு பாத்தியில் கை வைக்கக் கூடாது. சிமென்டுத் தரையோரம் தட்டுமுட்டுச் சாமான்களைக் குவித்து வைத்திருக்கும் வீட்டைவிட இத்தகைய பாத்தியுள்ள வீட்டில் அச்சம் குறைவே.

இரண்டாவது எதிர்வாதம் வலுவானது: நிழலில் பூ குறைவாகத்தானே பூக்கும்? ஆம், குறைவுதான். வெயிலில் ஐம்பது பூக்கும் செடி இங்கே இருபதுதான் பூக்கலாம். இதை மறைத்து ஆசை காட்டுவது நேர்மையாகாது. ஆனால் வீட்டுப் பாத்தி சந்தைக்குக் கணக்குக் காட்ட வேண்டியதில்லை. வெயிலில் பத்து மணிக்கே துவண்டுவிடும் பூ, நிழலில் மாலை வரை நிறம் மாறாமல் நிற்கும். பறித்துத் தீர்க்கும் அளவுக்குப் பூ இல்லாதபோது, பார்த்திருக்கும் பழக்கம் வருகிறது. தேன்சிட்டு எந்நேரம் வருகிறது, எறும்பு எந்தத் தண்டில் ஏறுகிறது, மொட்டு எத்தனை நாளில் மலர்கிறது என்றெல்லாம் கண் பழகுகிறது. பூவைப் பண்டமாக மட்டும் கண்ட நமக்கு இந்தக் குறைவு ஒரு மருந்து என்றே கருதுகிறோம்.

இலக்கியம் படிப்போரின் பங்கு என்று முன்னர்ச் சொன்னது இங்கே வருகிறது. குறிஞ்சிப்பாட்டில் கபிலர் தொண்ணூற்றொன்பது பூக்களை அடுக்கினார் என்று ஆண்டுதோறும் வகுப்பில் சொல்கிறோம். மாணவர்கள் மனப்பாடமாக ஒப்பிக்கிறார்கள், மதிப்பெண் பெறுகிறார்கள். வகுப்பறைச் சன்னலுக்கு வெளியே நிற்கும் செடியைக் காட்டி இதன் பெயரென்ன என்றால் அமைதி நிலவுகிறது. பூ பார்த்தறியாத தலைமுறை என்று அவர்களைக் குறை கூறுவதும் சரியன்று. பூ பயிரிடும் குடும்பங்களிலிருந்து வரும் பிள்ளைகள் அவர்களில் உண்டு. மருந்தடிக்கும் நாளும் பறிக்கும் பருவமும் அவர்களுக்குத் தெரியும். தம் வீட்டுச் செடிக்கும் பாடநூற் பூவுக்கும் இடையே ஓர் ஒற்றையடிப் பாதையைக்கூட நாம் அவர்களுக்குப் போட்டுக்கொடுக்கவில்லை என்பதே துயரம். பி.எல். சாமி 'சங்க இலக்கியத்தில் செடி கொடி விளக்கம்' எழுதினார்; கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' நூலைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் வெளியிட்டது. நூலகத் தட்டில் அவை காத்திருக்கின்றன. நூலும் செடியும் எதிரெதிரே நின்று பார்த்துக்கொள்ளும் ஓரிடம்தான் இல்லை.

அந்த இடம் ஒரு நிழற்பாத்தியாக இருக்கலாம். பெரும்பாலான கல்லூரி வளாகங்களில் மரங்கள் இன்னும் எஞ்சியிருக்கின்றன. அவற்றின் அடியில் மிதிபட்டு இறுகிய மண்ணோ புதிதாகப் பதித்த சிமென்டுக் கல்லோதான் கிடக்கிறது. தமிழ்த்துறைக்கு ஆறடிக்கு மூன்றடி கேட்டால் எந்த நிர்வாகமும் மறுக்கப் போவதில்லை. நிதி ஒதுக்கீடும் தேவைப்படாது. வெட்சி, காந்தள், ஆடாதோடை என்று மூன்று பெயர்ப்பலகை எழுதி ஊன்றினாலே, மூன்று சொற்கள் அகராதியிலிருந்து இறங்கி மண்ணில் நின்றவையாகும். (கல்லூரிப் பாத்தியில் காந்தளுக்கு அருகே அதன் நஞ்சைப் பற்றியும் தடித்த எழுத்தில் எழுதி வைக்க வேண்டும்.) மொழியின் அழிவைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். ஒரு சொல் சுட்டும் பொருள் கண்ணைவிட்டு மறைந்த பிறகு அந்தச் சொல்லை மட்டும் காப்பாற்றி வைப்பது, ஆளில்லாத வீட்டுக்கு வரி கட்டுவதைப் போன்றது.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். சாலை அகலப்படுத்தும் பணிகளில் தமிழகமெங்கும் பழைய சாலையோரப் புளியமரங்கள் வீழ்ந்தன. அவற்றைத் தடுக்கும் வலிமை தனி மனிதருக்கு இல்லாமற் போகலாம். வீட்டு மனையிலுள்ள மரத்தின் விதி அப்படியன்று. அது முழுக்க நம் கையில். மரத்தடியில் ஒன்றும் வராது என்ற நம்பிக்கை இருக்கும்வரை, அம்மரம் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் ஒன்றாகவே தோன்றும். அதன் அடியில் நாம் வைத்த பத்துச் செடிகள் பூத்துவிட்டால், மரம் அவற்றுக்குக் கூரையாகிவிடும். கூரையை யாரும் வெட்டுவதில்லை. ஒரு சிறு பூம்பாத்தி ஒரு பெரிய மரத்தைக் காக்கும் என்று நாம் சொல்வது இந்தப் பொருளில்தான்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது பழமொழி. நிழற்பாத்திக்கும் அது பொருந்தும். ஆடியில் கிளறி எருவிட்டு நட்டால், புரட்டாசி மழைக்குள் வேர் பிடித்துவிடும். கார்த்திகையில் முதற்பூ பார்க்கலாம். வாரத்துக்கு இருமுறை காலையில் இரண்டு குடம் தண்ணீர், மாதத்துக்கு ஒருமுறை களையெடுப்பு, உதிர்ந்த சருகைத் திருப்பி மண்ணுக்கே கொடுத்தல் ஆகிய மூன்றுமே பராமரிப்பு. நம் வாசகர்களுள் மனை உள்ளவர்கள் அதற்குமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் கோலமாவோடு கழிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். நிழல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்த பிறகு, செடியைத் தேர்ந்தெடுப்பது பெரிய வேலையில்லை.